எம்ஜிபி காரின் பின்பக்க ஷாக்கும் பட்டையும்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

“பின்னாடி தூக்கித் தூக்கி அடிக்குதுங்க, ஷாக்கு போயிருச்சு.” பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், கோழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு போய்வரும் பழைய கார் எதுவானாலும், பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் சொல்லப்படுவது இதுதான். இன்றைய கார்களுக்கு அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எம்ஜிபிக்குப் பல தடவை தப்பாகிவிடும். மூட்டில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும், பட்டையைப் பின் அச்சோடு கட்டும் யு போல்ட் தளர்ந்திருக்கும், பட்டை (தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், அதன் ஒவ்வொரு தகட்டையும் பட்டை என்றே சொல்வோம்) வளைவு போய்ப் படுத்திருக்கும். பழி மட்டும் ஷாக்கின் மேல் விழும். இந்தக் காரின் ஷாக் உக்கடத்திலோ ஒலவக்கோட்டிலோ கடையில் போய் வாங்கக்கூடிய சாமான் அல்ல. இங்கிலாந்திலிருந்து சுங்கவரி கட்டி வரவழைக்க வேண்டும். வந்த பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் பணமும் போச்சு, இரண்டு மாதமும் போச்சு. அதனால் கழற்றும் முன் எது பழுது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

காரைப் பற்றிக் கொஞ்சம். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். அதன் 1798 சிசி இன்ஜினும் நம் அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினும் பிஎம்சி நிறுவனத்தின் ஒரே பி சீரிஸ் குடும்பம். பின்பக்க அமைப்பும் அம்பாசிடரைப் பார்த்துப் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது: முழு ஹவுசிங் (பின் அச்சின் உறை), இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டை. வித்தியாசம் ஷாக்கில்தான். நாம் பார்த்துப் பழகிய குழாய் ஷாக் இல்லை. எண்ணெய் நிரம்பிய ஒரு சிறு பெட்டி பாடியில் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு லிவர் கை நீண்டு, ஒரு சின்ன லிங்க் வழியாக ஹவுசிங்கின் அடியில் உள்ள பிளேட்டைப் பிடித்திருக்கும். ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் லிவர் ஷாக் இது. தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். பட்டையின் முன்முனை ஒரே போல்ட்டில் பாடியில் நிற்கிறது, பின்முனை ஷாக்கிள் என்னும் சிறு தொங்கு இணைப்பில் ஆடுகிறது.

எதற்கும் முன்னால் டயர் காற்றைப் பாருங்கள். 165 அளவு 14 அங்குல டயரில் பின்பக்கத்துக்குக் கையேடு சொல்வது 24 பிஎஸ்ஐ. பங்கில் மற்ற கார்களுக்கு அடிப்பதுபோல 35 வைத்துவிட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் துள்ளத்தான் செய்யும். இதற்காக ஷாக்கைக் கழற்றியவர்கள் உண்டு.

அறிகுறி: மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் பின்பக்கம் ஆடிக்கொண்டே இருக்கிறது

வழக்கமான சோதனை, மூலையில் நின்று பாடியை அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுவது. இந்தக் காரில் அதை நம்பாதீர்கள். பட்டைகளுக்கு நடுவே துருவும் தூசியும் ஏறியிருந்தால் அந்த உரசலே ஆட்டத்தை நிறுத்திவிடும், செத்த ஷாக்கும் நல்ல ஷாக் போலத் தெரியும். நம் பக்கம் இது இன்னும் அதிகம். மஞ்சி (தேங்காய் நார்) மில் ரோட்டில் பறக்கும் நார்த்தூள் பட்டை இடுக்கில் போய்ப் படிந்து, மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜூனில் வாளையார் கணவாய் வழியே தென்மேற்குப் பருவமழை வந்தால் செப்டம்பர் வரை அந்த இடுக்கு காய்வதே இல்லை.

சரியான சோதனை: பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, லிங்க்கின் கீழ்முனை நட்டை மட்டும் கழற்றி, ஷாக்கின் கையைத் தனியாக விடுங்கள். பிறகு கையை மேலிருந்து கீழ்க்கோடி வரை மெதுவாக, ஒரே அழுத்தத்தில் இழுத்துப் பாருங்கள். உங்கள் கைக்குப் பலம் போதவில்லை என்றால் ஒரு குழாயைச் செருகிக்கொள்ளலாம்.

முழுத் தூரமும் ஒரே மாதிரி எதிர்த்தால் ஷாக் நல்லது. திசை மாற்றும் இடத்தில் மட்டும் கொஞ்ச தூரம் காலியாக ஓடி, பிறகு பிடித்தால் உள்ளே காற்று, எண்ணெய் குறைந்திருக்கிறது. எங்குமே எதிர்ப்பு இல்லையென்றால் எண்ணெய் முழுதும் போயிருக்கும், அல்லது உள்ளே வால்வு போயிருக்கும். நடுவில் எங்காவது சிக்கிச் சிக்கிப் போனால் உள்பாகம் கீறியிருக்கிறது, அதைக் காப்பாற்ற முடியாது. இடது வலது இரண்டையும் இழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

காற்று மட்டும்தான் என்றால் செலவு மிகக் குறைவு. ஷாக்கைக் கழற்றி வெளிப்புறத்தை முழுக்கத் துடையுங்கள். நிரப்பும் மூடியைச் சுற்றியுள்ள மண் ஒரு துளி உள்ளே விழுந்தாலும் வால்வு கெடும். காரில் எப்படி நின்றதோ அதே நிலையில் வைஸில் பிடித்து, மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றி, கையை மேலும் கீழும் முழுத் தூரம் பத்துப் பன்னிரண்டு முறை ஆட்டுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றி ஆட்ட வேண்டும். மட்டம், மூடி உட்காரும் துளையின் அடிவிளிம்பு வரைதான். எண்ணெய் சூட்டில் விரிய அதற்கு மேல் கொஞ்சம் காலியிடம் வேண்டும்.

ஊற்ற வேண்டியது ஷாக் எண்ணெய். அது கிடைக்காவிட்டால் மோட்டார்சைக்கிள் கடையில் விற்கும் 20 எண் ஃபோர்க் ஆயில் நன்றாக வேலை செய்யும். பிரேக் ஆயில் ஊற்றவே கூடாது, சீல் ஊறிப் பிய்ந்துவிடும். இன்ஜின் ஆயில் ஊற்றுவதும் வழக்கத்தில் இருக்கிறது. அது இதற்காகச் செய்த எண்ணெய் அல்ல, பிடிப்பு ஷாக்குக்கு ஷாக் மாறும்.

கை வெளியே வரும் தண்டின் ஓரத்தில் ஈரம் இருந்தால் வேறு கதை. சீல் மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலும் தண்டு உட்காரும் துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், புது சீல் சில வாரத்தில் மறுபடி கசியும். கையின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் தண்டு ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் துளையை போரிங் செய்து புஷ் போட வேண்டும். கோயம்புத்தூரில் பம்ப் ஷாஃப்ட்டுக்குப் புஷ் போட்டுப் பழகிய லேத்காரர் இதைச் செய்துவிடுவார். தண்டை மெருகேற்றி, அதன் அளவுக்கு ஏற்ப வெண்கலப் புஷ் கடையச் சொல்லுங்கள். உள்வால்வின் ஸ்பிரிங்கை மட்டும் யாரையும் தொட விடாதீர்கள்.

அறிகுறி: கார் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது

எம்ஜிபிக்கு இது பழைய நோய். நம் ஊரில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம், பல கார்களில் எப்போதும் ஒரே ஆள்தான். அந்தப் பட்டை முதலில் படுக்கும். ஆனால் சாய்வு பின்பக்கத்திலிருந்தா முன்பக்கத்திலிருந்தா என்று தெரியாமல் பட்டை வாங்கக்கூடாது. முன் காயில் ஸ்பிரிங் ஒன்று அழுந்தியிருந்தாலும் பின்பக்கம் சாய்ந்துதான் தெரியும்.

சமதளத்தில், கார் ஷெட் தரை சரிவாக இருந்தால் வேறு இடத்தில், காரை நிறுத்துங்கள். நான்கு பக்கமும் ஒரு தடவை நன்றாக ஆட்டிவிட்டு அளவெடுங்கள். மட்கார்டு விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். ஒரு முறை தட்டி, புட்டி போட்டு, பெயிண்ட் அடித்த காரில் இரண்டு விளிம்பும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஹவுசிங் குழாயின் மேற்பரப்பிலிருந்து நேர் மேலே பாடியில் பம்ப் ரப்பர் (ஹவுசிங் பாடியில் மோதாமல் தாங்கும் ரப்பர்) நிற்கும் இடம் வரை அளக்க வேண்டும். அடுத்து, முன்பக்கத்தில் கிராஸ்மெம்பரின் (குறுக்குச் சட்டம்) சரியான நடுவில் மரக்கட்டை வைத்து ஒரே ஜாக்கியில் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்வரை தூக்குங்கள். அடியில் யாரும் போகக்கூடாது, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை இருக்க வேண்டும். இப்போது முன்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது, சாய்வில் அதற்குப் பங்கு இல்லை. பின்பக்கம் மறுபடி அளக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக வந்தால் குற்றம் முன்பக்கத்தில். சாய்வு அப்படியே இருந்தால் பின்பட்டைதான்.

பின்பக்கத்தில் 10 மி.மீ. வரை வித்தியாசம் என்றால் புதுசு வாங்கத் தேவையில்லை. இடது பட்டையையும் வலது பட்டையையும் இடம் மாற்றிப் போட்டால், டிரைவர் உட்காரும் பக்கம் படுக்காத பட்டை வந்து, ஆள் ஏறியதும் சாய்வு குறையும். அதற்கு மேல் என்றால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒற்றைப் பட்டை மட்டும் புதிதாகப் போட்டால் சாய்வு எதிர்ப்பக்கம் போய்விடும்.

லாரிப் பட்டை வேலை செய்யும் பட்டறைக்கு எடுத்துப்போய் வளைவு ஏற்றலாமா என்பது இங்கே எல்லோரும் கேட்பது. செய்யலாம், எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. குளிர்நிலையில் சுத்தியலால் அடித்து எடுத்த வளைவு கொஞ்ச நாள்தான் நிற்கும். உலையில் சூடேற்றி வளைத்தால் எண்ணெயில் முக்கிக் குளிர்வித்து, மறுபடி சூடேற்றிப் பதம் பார்க்க வேண்டும். காற்றில் ஆறவிட்ட பட்டை வெறும் இரும்புத் தகடாகிவிடும், நெம்மாராவிலிருந்து நெல்லியாம்பதி ஏறி இறங்குவதற்குள் படுத்துவிடும். “அண்ணே, எண்ணெயில விட்டுப் பதம் பார்த்துத் தருவீங்களா?” என்று கேட்டுவிட்டு ஒப்படையுங்கள்.

இன்னொன்று, “ஒரு பட்டை சேர்த்துப் போட்டுடலாங்க” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. வைத்தால் அந்தப் பட்டை மட்டும் ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல் விறைப்பாகிறது. லாரிக்கு வெட்டிய துண்டைச் சேர்த்தால் இந்த எடைகுறைந்த காரில் பட்டை வளையவே வளையாது. மேட்டின் அடி முழுக்க அந்த முன் போல்ட்டுக்கும் பாடிக்கும் போகும்.

அறிகுறி: ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது பின்னால் ‘கடக்’

நிதானமாகத் தேட வேண்டியது இதுதான். ஒரே சத்தத்துக்கு ஐந்து காரணம், அதில் இரண்டுதான் சஸ்பென்ஷன்.

எளிதிலிருந்து தொடங்குங்கள். கம்பிச் சக்கரம் உள்ள காரா? அப்படியென்றால் முதலில் சக்கரம். அது போல்ட்டில் நிற்பதில்லை, பல் வெட்டிய ஹப்பின் மேல் செருகி நடுவில் ஒரே நட்டில் இறுகுகிறது. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, உள்ளே ஒருவர் பிரேக் மிதிக்க, ஹப்புக்கும் சக்கரத்துக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்புங்கள். கோடு பிரிந்தால் பல் தேய்ந்திருக்கிறது. ரிவர்ஸ் போட்டுப் பிரேக் பிடிக்கும்போது ‘டிக்’ என்று கேட்பதும் இதே ஆள்தான். தேய்ந்த பல் ஒரு நாள் மொத்தமாக வழுக்கும். அதைச் சரிசெய்யும் வரை காரை எடுக்காதீர்கள்.

அடுத்தது ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸிலிருந்து ஹவுசிங்குக்குச் சுழற்சி கொண்டுவரும் தண்டு) கிராஸ். முன்னும் பின்னும் ஒன்று. காரை நியூட்ரலில் வைத்து, சக்கரம் தரையில் இருக்க, ஷாஃப்ட்டைக் கையால் இரண்டு பக்கமும் முறுக்குங்கள். கிராஸின் இரண்டு கவைகளும் ஒன்றுக்கொன்று ஆடினால் கிராஸ் போயிற்று. கவைகள் சேர்ந்தே திரும்பி, ஹவுசிங்குக்குள்ளே ‘லொடக்’ என்று கேட்டால் டிஃபரன்ஷியல் பல்லுக்குப் பின்னால் உள்ள த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. எம்ஜிபியில் மிகவும் சகஜம், வாஷரின் விலையும் சொற்பம். ஹவுசிங்கின் பின்புறம் போல்ட் வைத்த மூடி இருந்தால் அது பிந்தைய குழாய் ஆக்ஸில், மூடியைத் திறந்து வேலையைப் பார்க்கலாம். பின்புறம் வழவழவென்று பானைபோல இருந்தால் பழைய பாஞ்சோ ஆக்ஸில், முன்பக்கமாக முழு டிஃபரன்ஷியலையும் இறக்க வேண்டும். எந்த ஆக்ஸில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். யு போல்ட், பேட் வாங்கும்போதும் இதைக் கேட்பார்கள், இரண்டுக்கும் ஒரே சாமான் சேராது.

இவை மூன்றும் நன்றாக இருந்தால்தான் பட்டைக்கு வர வேண்டும். யு போல்ட் பக்கம் இரண்டு, அடியில் நான்கு நட்டு. பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ரப்பர் பேட் இருப்பதால் ரப்பர் நசுங்கிய அளவுக்கு நட்டு தளரும். தளர்ந்ததற்கு அடையாளம் நட்டின் விளிம்பிலும் பேட்டின் ஓரத்திலும் கோடு போட்டாற்போல் செந்நிறப் பொடி. நம் ஊர்ச் செம்மண் தூசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படியும், இரும்பு உரசிய பொடி உரசும் இடத்தில் மட்டும் கோடாக இருக்கும். நட்டை இறுக்கியும் சத்தம் நிற்கவில்லை என்றால் பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டைச் சந்தேகப்படுங்கள். அதன் தலைதான் ஹவுசிங்கை இடம் மாறாமல் பிடிக்கிறது. அது உடைந்திருந்தாலும், தலை உட்காரும் துளை அகன்றிருந்தாலும் ஹவுசிங் முன்னும் பின்னும் நகரும்.

கடைசியாக முன்முனை புஷ். இரும்பு உறைக்குள் ரப்பர் ஒட்டிய புஷ் இது. பட்டைக் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு லிவர் கம்பியைக் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் அமுங்குவது சரி. உள்ளே இரும்பு இரும்பைத் தொட்டால், அல்லது ரப்பர் வெளியே பிதுங்கிக் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

அறிகுறி: வளைவில் பின்பக்கம் தனியாக ஸ்டியரிங் பிடிக்கிறது

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அங்கேதான் இது முதலில் தெரியும். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஒரு பக்கமும் விட்டால் மறுபக்கமும் கார் நகர்கிறது என்றால், மேலே சொன்ன முன் புஷ்ஷோ யு போல்ட்டோ ஒரு பக்கம் மட்டும் தளர்ந்திருக்கிறது. அந்தப் பக்கச் சக்கரம் முன்னும் பின்னும் நகர, ஹவுசிங்கே கொஞ்சம் திரும்புகிறது. எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால், முன் போல்ட்டின் நடுவிலிருந்து ஹவுசிங் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹவுசிங் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

இதே சோதனையில் அந்த முன் பிராக்கெட் வெல்டான இடத்தை ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள், தயங்காமல் பலமாக. அது பாடியின் பக்கப் பெட்டி முடியும் இடம், பின்சக்கரம் வாரி அடிக்கும் சேறெல்லாம் போய் அடைவது அங்கேதான். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் பட்டை, ஷாக் பேச்சை நிறுத்திவிட்டுப் பாடி வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். அந்தத் தகடு கிழிந்தால் ஹவுசிங்கே ஒரு பக்கம் விலகிவிடும். மேலே தகடு வைத்து ஒட்டி, அண்டர்கோட்டிங் அடித்து மறைத்த கார்கள் நிறைய இருக்கின்றன. வாங்கும்போதே குத்திப் பார்த்துவிட வேண்டும்.

அறிகுறி: கிரீச், கிரீச்

பட்டை நுனிகள் உலர்ந்திருக்கின்றன. கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, கிராஃபைட் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போகும். மழைக்கு முன்னால் லாரிப் பட்டைக்கு வேஸ்ட் ஆயில் அடிப்பதுபோல இதற்கு அடித்துவிடாதீர்கள், ஷாக்கிள் ரப்பரும் பேடும் ஊறிக் கெட்டுவிடும்.

கழற்றி மாட்டுதல்

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வேண்டியவை: பட்டை 2, ஷாக்கிள் ரப்பர் 8 (ஒரு ஷாக்கிளில் மேலே இரண்டு, கீழே இரண்டு), யு போல்ட் 4, அதற்கு நைலான் பூட்டு நட்டு 8, ரப்பர் பேட் 4, முன் போல்ட் 2, பம்ப் ரப்பர் 2, ஹவுசிங் ஒரேயடியாகத் தொங்காமல் பிடிக்கும் ரப்பர் வார் 2. பட்டை ஆர்டர் செய்யும்போது திறந்த காரா, கூரை மூடிய ஜிடியா, குரோம் பம்பரா, 1974 கடைசிக்குப் பின் வந்த ரப்பர் பம்பரா என்று சொல்லுங்கள். ரப்பர் பம்பர் கார்களை ஒன்றரை அங்குலம் உயர்த்தித்தான் வெளியிட்டார்கள். அந்தப் பட்டையைப் பழைய காரில் போட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

போல்ட்டுகள் எல்லாம் அங்குல அளவு, யுஎன்எஃப் என்னும் நெருக்கமான அங்குல மரை. 19 மி.மீ. ஸ்பேனர் முக்கால் அங்குலத்துக்கும், 16 மி.மீ. ஐந்தெட்டு அங்குலத்துக்கும் ஏறக்குறையச் சேரும். மற்றவற்றில் மி.மீ. ஸ்பேனர் போட்டால் நட்டின் மூலை உருண்டுவிடும். அம்பாசிடர் வேலை செய்த பழைய பட்டறையில் அங்குல செட் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் கிடைத்த மி.மீ. போல்ட்டை யுஎன்எஃப் மரைக்குள் ஸ்பேனரால் ஏற்றுவது பெரிய பாவம். விரலால் நாலு சுற்று போகாத போல்ட் அந்த இடத்துக்கு உரியதல்ல.

மூன்று நாள் முன்பே முன் போல்ட், ஷாக்கிள் நட்டு, யு போல்ட் எல்லாவற்றுக்கும் துருநீக்கும் ஆயில் அடித்து, தினமும் ஒரு முறை திரும்ப அடியுங்கள். வேலையன்று முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹவுசிங் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, முன் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் பாடியின் பலமான இடத்தில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை எடுக்காமல், ஹவுசிங்கைத் தாங்கும் அளவில் விட்டுவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் ஒன்றாக அவிழ்த்தால் ஹவுசிங் உருண்டு, பிரேக் ரப்பர் ஹோஸ் இழுபடும். பாடியிலிருந்து ஹவுசிங்குக்கு வரும் ஹோஸ் அது ஒன்றுதான்.

சக்கரம், பிறகு ஷாக் லிங்க்கின் கீழ்முனை, ரப்பர் வார், யு போல்ட் நட்டுகள். லிங்க்கிலும் அடிப்பிளேட்டிலும் இடது, வலது என்று பெயிண்டால் குறித்துவிடுங்கள். ஜாக்கியை மெதுவாக இறக்கிப் பட்டையின் முறுக்கு தீர்ந்ததும் ஷாக்கிளை அவிழ்த்து, கடைசியில் முன் போல்ட்.

இந்த முன் போல்ட்தான் ஒரு மணி நேர வேலையை ஒரு நாள் வேலையாக்குவது. நட்டு வந்துவிடும், போல்ட் வராது. புஷ்ஷின் உள்குழாயோடு துருவேறி ஒட்டியிருக்கும், திருப்பினால் ரப்பரோடு சேர்ந்து சுழலும். காஸ் கட்டிங் வைக்கத் தோன்றும், வேண்டாம். வலப்பக்கம் பெட்ரோல் பம்ப் பக்கத்திலேயே இருக்கிறது, இருக்கைக்குப் பின்னால் பேட்டரி இருக்கிறது, பிரேக் பைப் அந்த வழியாகத்தான் போகிறது. நட்டை முனைமட்டம் திருப்பி வைத்து ஒரு தடவை பலமாக அடித்துப் பாருங்கள். நகரவில்லை என்றால் பட்டைக் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடுங்கள். பட்டையும் புஷ்ஷும் எப்படியும் குப்பைக்குப் போகிறவை. பிராக்கெட்டின் காதை மட்டும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது முன் போல்ட்டின் நடுத்தண்டில் மட்டும் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார். ஷாக்கிள் ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர். முன் போல்ட்டையும் ஷாக்கிளையும் கையிறுக்கமாக விட்டுவைத்து, பட்டையை ஹவுசிங்கோடு சேர்க்கும்போது சென்டர் போல்ட் தலை துளையில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம், தலை ஓரத்தில் ஏறி நின்றாலும் யு போல்ட் இறுகிவிடும். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, நாலைந்து சுற்றில், சமமாக இறுக்குங்கள்.

முன் போல்ட்டையும் ஷாக்கிளையும் கார் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, இரண்டு பேர் உட்கார்ந்து, பாடியை ஆட்டிவிட்டு, எடை முழுக்கப் பட்டையின் மேல் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். முன் புஷ்ஷில் ரப்பர் உள்ளும் வெளியும் இரும்போடு ஒட்டியது, அது வழுக்குவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. தொங்கும்போது இறுக்கினால் கார் நிற்கும் நிலையிலேயே முழு முறுக்கில் இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அதைக் கிழிக்கும்.

மாட்டிய பிறகு வரும் அறிகுறிகள்

பின்பக்கம் உயரமாக நிற்கிறதா? புதுப் பட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இறங்கும், 10 முதல் 20 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். 40 மி.மீ. அளவுக்கு நின்றால் ரப்பர் பம்பர் காரின் பட்டை வந்திருக்கிறது.

கல்லு மாதிரி ஓடுகிறதா? தொங்கவிட்டு இறுக்கினீர்களா என்று முதலில் யோசியுங்கள். எல்லா நட்டையும் தரையில் தளர்த்தி மறுபடி இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகும். பிறகு ஷாக்கிளைப் பாருங்கள். கார் நிற்கும்போது அதன் கீழ்முனை பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். முன்பக்கம் கவிழ்ந்து பாடியில் முட்டிக்கொண்டிருந்தால் பட்டை நீள இடமே இல்லை.

குழாய் ஷாக்குக்கு மாற்றும் கிட் போட்டவர்களுக்கு இரண்டு தொல்லை. ஒன்று, கிட்டோடு வரும் ஷாக் இந்த எடைக்கு அளவுக்கு மிஞ்சிய விறைப்பாக இருப்பது. திருகித் தளர்த்தும் வகை என்றால் மிக மென்மையான நிலையில் தொடங்குங்கள். இரண்டாவது நீளம். ஹவுசிங்கைப் பம்ப் ரப்பர் தொடும்வரை ஜாக்கியில் ஏற்றும்போது ஷாக் முழுக்க மூடிக்கொள்ளக் கூடாது. தொங்கவிடும்போது ரப்பர் வார் முதலில் இறுக வேண்டும், ஷாக் அல்ல. இந்த இரண்டையும் பட்டை அவிழ்ந்து கிடக்கும் நேரத்திலேயே அளந்துவிடுவது சுலபம். நல்ல லிவர் ஷாக் இருக்கும் காரில் இந்த மாற்றம் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. கெட்ட ஷாக்கை எண்ணெய் ஊற்றிச் சரிசெய்ய முடிந்தால் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும்.

புதிதாக ஒரு தட்டுச் சத்தம் வந்தால் பெரும்பாலும் லிங்க். இடது வலது மாறியிருக்கும், அல்லது நட்டு இறுகியிருக்காது. சைலன்சர் பைப் ஹவுசிங்கைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். பழைய உயரத்துக்குத் தொங்கவிட்ட பைப், புதுப் பட்டையில் உரசும். 185 அளவு டயர் போட்ட கார்களில் மட்கார்டின் உள்விளிம்பையும் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் இடைவெளி குறைவாக இருக்கும்.

பேட் ரப்பர் அமுங்கும் என்பதால் 100 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500 கிலோமீட்டரில் ஒரு தடவை யு போல்ட்டை இறுக்கிப் பாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போய்வந்தால் முதல் சோதனைக்கான தூரம் ஏறக்குறைய ஆகிவிடும். வந்து நிறுத்தியதும், ஹவுசிங் சூடு ஆறிய பிறகு, அதே உயரத்தை அதே இடத்தில் அளந்து, முதலில் எழுதிய அளவுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.